ஏப்ரனுக்குள் ஒரு ஜெப அறை!

காலை ஐந்தரை மணி. ஒரு அடுப்பில் பால், இன்னொரு அடுப்பில் குக்கர். சட்னி அரைக்க வேண்டும், மூன்று டிபன் பாக்ஸ் கட்ட வேண்டும், டேங்க் நிரம்பி வழிவதற்குள் மோட்டாரை நிறுத்த வேண்டும். டைனிங் டேபிளின் ஓரத்தில் வேதாகமம் இருக்கிறது. அடையாளத்துக்கு வைத்த ரிப்பன் நான்கு நாட்களாக அதே பக்கத்தில் கிடக்கிறது.

'எல்லாரையும் அனுப்பிவிட்டு நிதானமாக உட்கார்ந்து ஜெபிக்கலாம்' என்று மனசு சொல்கிறது. எல்லாரையும் அனுப்பி முடித்தால் அலுவலகத்துக்குக் கிளம்பும் நேரம் வந்துவிடுகிறது. சரி, இரவில் பார்த்துக்கொள்ளலாம். இரவு படுத்தால், பரமண்டல ஜெபம் பாதி தாண்டுவதற்குள் கண் சொருகிவிடுகிறது.

பல கிறிஸ்தவக் குடும்பங்களில் இது தினசரிக் காட்சி. ஞாயிறு ஆராதனை தவறுவதில்லை. குடும்ப ஜெபமும் எப்படியோ நடந்துவிடுகிறது. தனி ஜெபம் மட்டும் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போகிறது. யாரும் இல்லாத இடத்தில், ஆண்டவரோடு தனியாக, சத்தமில்லாமல் ஒரு கால் மணி நேரம். கேட்டால் சின்ன விஷயம்தான். ஆனால் வீட்டிலேயே கிடைப்பதற்கு அரிய பொருள் அதுதான்.

முந்நூறு வருடங்களுக்கு முன்பு இங்கிலாந்தில் ஒரு தாய்க்கும் இதே பிரச்னை இருந்தது. அவருடைய வீட்டில் நெருக்கடி இன்னும் அதிகம். அவர் பெயர் சூசன்னா வெஸ்லி. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லிக்கும், ஆயிரக்கணக்கான கீர்த்தனைகளை எழுதிய சார்லஸ் வெஸ்லிக்கும் அம்மா.

கடனும் தீயும் சூழ்ந்த பார்சனேஜ்

சூசன்னா 1669-ல் லண்டனில் ஒரு போதகரின் மகளாகப் பிறந்தார். 1688-ல் சாமுவேல் வெஸ்லியைத் திருமணம் செய்துகொண்டார். சாமுவேலும் போதகர்தான். லிங்கன்ஷயர் மாவட்டத்தில் எப்வொர்த் என்ற சின்ன ஊரில் அவருக்குப் பணி.

அவர்களுக்குப் பிறந்த குழந்தைகள் 19 பேர். அதில் 9 பேர் கைக்குழந்தைகளாகவே இறந்துபோனார்கள். வருமானம் போதவில்லை, கடன் ஏறிக்கொண்டே போனது. 1705-ல் கடனைத் திருப்பிக் கட்ட முடியாததால் சாமுவேலை லிங்கன் கோட்டைச் சிறையில் அடைத்தார்கள். வீட்டையும் பிள்ளைகளையும் சூசன்னா தனியாகச் சமாளித்தார்.

1709 பிப்ரவரியில் ஓர் இரவு, பார்சனேஜே தீப்பிடித்து எரிந்தது. எல்லாரும் தப்பி வெளியே வந்த பிறகுதான், ஐந்து வயது ஜான் மாடியில் மாட்டிக்கொண்டது தெரிந்தது. ஏணி கொண்டுவர நேரமில்லை. அக்கம்பக்கத்தார் ஒருவர் தோளில் ஒருவர் ஏறி, ஜன்னல் வழியாகப் பிள்ளையை இழுத்து எடுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் கூரை இடிந்து விழுந்தது. பிள்ளைகள் பிழைத்தார்கள், வீட்டிலிருந்த பொருட்கள் எல்லாம் போயின.

இதற்கு நடுவே, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் அவரே. காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை, மதியம் இரண்டிலிருந்து ஐந்து வரை, ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் பாடம். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஐந்து வயது முடிந்ததும் எழுத்துகளைக் கற்றுக்கொடுப்பார். பெரும்பாலான பிள்ளைகள் ஒரே நாளில் எல்லா எழுத்தையும் கற்றுக்கொண்டார்கள். இரண்டு பெண்களுக்கு மட்டும் ஒன்றரை நாள் பிடித்தது. அதற்கே அவர்களை மந்தம் என்று நினைத்தாராம் அந்த அம்மா!

இப்படிப்பட்ட வீட்டில் தனி ஜெபத்துக்கு ஏது இடம், ஏது நேரம்?

தலைக்கு மேல் ஒரு துணி

சூசன்னாவைப் பற்றித் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் ஒரு கதை உண்டு. ஜெபிக்க நினைக்கும்போது, இடுப்பில் கட்டியிருக்கும் ஏப்ரனைத் தூக்கித் தலைக்கு மேல் போட்டுக்கொள்வாராம். அந்தத் துணிக்குள் கூடாரம் போல ஒரு சின்ன இருட்டு. அதுதான் அவருடைய ஜெப அறை. அம்மா தலையில் ஏப்ரன் இருந்தால் கிட்டே போகக் கூடாது, கூப்பிடக் கூடாது என்று பிள்ளைகளுக்குத் தெரியும்.

இது வாய்வழியாக வந்த கதை. ஆனால் அவர் தனி நேரத்தை ஒதுக்கி வைத்தார் என்பதற்கு எழுத்திலேயே சாட்சி இருக்கிறது. அவர் கைப்பட எழுதிய தியானக் குறிப்புகள் இன்றும் இருக்கின்றன. காலை, மதியம், மாலை என்று வேளையைக் குறித்துவிட்டு எழுதிய பக்கங்கள் அவற்றில் உண்டு. அத்தனை வேலைக்கும் நடுவில் நாளின் சில வேளைகளை அவர் கோடு போட்டுப் பிரித்து வைத்திருந்தார்.

ஏப்ரன் கதையைக் கேட்பவர்கள் சூசன்னாவின் பக்தியை வியப்பார்கள். வியக்க வேண்டிய இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஒரு மெல்லிய துணி சத்தத்தைத் தடுக்காது, ஒரு குழந்தையின் கையைக்கூடத் தடுக்காது. பிறகு எப்படி அது சுவராக நின்றது? வெளியே இருந்த பிள்ளைகள் அதைச் சுவர் என்று ஒப்புக்கொண்டதால்!

தனி ஜெபம் என்பது தனி ஒருவரின் வைராக்கியத்தால் மட்டும் நடப்பதில்லை. வீட்டில் இருக்கும் மற்றவர்கள் அதற்கு இடம் கொடுக்க வேண்டும். 'எனக்கு ஜெபிக்க நேரமே இல்லை' என்று குற்ற உணர்ச்சியோடு சொல்லும் பல அம்மாக்களுக்குப் பக்தி குறைவில்லை. அவர்களுக்கு ஒரு கால் மணி நேரத்தை விட்டுக்கொடுக்க வீட்டில் யாரும் முன்வருவதில்லை, அவ்வளவுதான்.

தரங்கம்பாடியிலிருந்து வந்த தூண்டுதல்

சூசன்னாவின் கதையில் தமிழ் மண்ணுக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

1706-ல் பர்த்தலோமேயு சீகன்பால்க், ஹென்ரிக் புளுட்ஸ்சோ என்ற இரண்டு ஜெர்மானிய இளைஞர்கள், டென்மார்க் அரசர் அனுப்பிய மிஷனரிகளாகத் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார்கள். அவர்களுடைய பணியைப் பற்றிய செய்திகள் ஆங்கிலத்தில் புத்தகமாக வந்தன. அந்தப் புத்தகம் எப்வொர்த் பார்சனேஜுக்கும் வந்து சேர்ந்தது. கணவர் லண்டன் போயிருந்த சமயத்தில் அது சூசன்னாவின் கைக்குக் கிடைத்தது. அதைப் படித்து மனம் உருகிப்போனதாக, 1712 பிப்ரவரியில் கணவருக்கு எழுதிய கடிதத்தில் அவரே சொல்கிறார்.

கடல் கடந்து போய் ஊழியம் செய்ய அவரால் முடியாது. ஆனால் தன்னால் முடிந்ததைச் செய்யலாமே என்று யோசித்தார். முதலில் சொந்தப் பிள்ளைகளிடமிருந்து தொடங்கினார். தினமும் இரவு ஒரு பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டு உட்கார வைத்து, அதன் மனசையும் ஆத்துமாவையும் பற்றிப் பேசுவது என்று முடிவெடுத்தார். திங்கள் மோலி, செவ்வாய் ஹெட்டி, புதன் நான்சி, வியாழன் ஜாக்கி, வெள்ளி பாட்டி, சனி சார்லஸ், ஞாயிறு எமிலியும் சூக்கியும். ஜாக்கி என்பது ஜானின் செல்லப் பெயர்.

தனக்கென்று கொஞ்சம் அமைதியைக் காத்துக்கொண்டவர், ஒவ்வொரு பிள்ளைக்கும் அதே மாதிரி ஒரு நேரத்தைப் பங்கிட்டுக் கொடுத்தார். அந்த வியாழக்கிழமை இரவுகளை ஜான் மறக்கவே இல்லை. 1732-ல் அவர் ஆக்ஸ்ஃபோர்டில் ஆசிரியர். வயது 28. அப்போது அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதினார். வியாழன் இரவுகளில் முன்பு தனக்குக் கொடுத்த அந்தக் கொஞ்ச நேரத்தை மறுபடியும் கொடுக்க முடிந்தால், அது இப்போதும் தனக்குப் பயன்படும் என்று அதில் கேட்டிருந்தார்.

பிற்காலத்தில் ஜான் வெஸ்லியைப் பின்பற்றிய மெதடிஸ்ட் மிஷனரிகள் 1814-ல் இலங்கைக்கும், சில வருடங்களில் சென்னைக்கும் வந்தார்கள். 1947-ல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, அதில் இணைந்த சபைகளில் மெதடிஸ்ட் சபையும் ஒன்று. தரங்கம்பாடியிலிருந்து போன செய்தி ஒரு தாயின் வீட்டைத் தொட்டது. அந்த வீட்டிலிருந்து தொடங்கிய இயக்கம் திரும்ப இந்தக் கரைக்கே வந்தது.

சமையலறையில் 200 பேர்

1711-12 குளிர்காலத்தில் இன்னொன்றும் நடந்தது. ஞாயிறு மாலைகளில் சூசன்னா பிள்ளைகளையும் வேலைக்காரர்களையும் உட்கார வைத்து ஜெபித்து, ஒரு பிரசங்கத்தை வாசிப்பார். அக்கம்பக்கத்தார் தாங்களும் வரலாமா என்று கேட்டார்கள். கூட்டம் வளர்ந்து 200 பேரைத் தொட்டது. இடம் இல்லாமல் பலர் திரும்பிப் போனார்கள்.

ஒரு பெண் இப்படிக் கூட்டம் நடத்தலாமா என்று புகார் கிளம்பியது. லண்டனிலிருந்து கணவர் அதிருப்தியோடு எழுதினார். சூசன்னா அமைதியாக, ஆனால் உறுதியாகப் பதில் அனுப்பினார். நிறுத்துவதுதான் சரி என்று நினைத்தால், 'நிறுத்தினால் நல்லது' என்று சொல்ல வேண்டாம். நேரடியாகக் கட்டளையிடுங்கள், அப்போதுதான் கடவுள் முன்னால் இந்தப் பொறுப்பு என்மேல் இருக்காது என்பது அதன் சாரம்.

யாரும் பார்க்காத இடத்தில் நேரம் செலவழிப்பவர்களுக்கு, பலரும் பார்க்கும் இடத்தில் இந்தத் தெளிவு வருகிறது.

ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ஜெபித்ததால் சூசன்னாவின் கஷ்டம் எல்லாம் தீர்ந்துவிடவில்லை. 1735-ல் கணவர் இறந்தபோதும் கடன் மிச்சமிருந்தது. தனி ஜெபம் அவருக்கு வசதியான வாழ்க்கையைத் தரவில்லை. வசதியில்லாத வாழ்க்கையில் நிலைகுலையாமல் நிற்கும் பலத்தைத் தந்தது. 1742-ல், 73-ம் வயதில், மகன் ஜானின் பராமரிப்பில் லண்டனில் அவர் கண்மூடினார்.

இயேசுவுக்கும் இடையூறு வந்தது

அமைதியான நேரம் தேடுவது இந்தக் காலத்துப் பிரச்னை என்று நினைக்க வேண்டாம். சுவிசேஷங்களைப் படித்தால் இயேசுவின் நாட்களும் நெரிசலாகத்தான் தெரிகின்றன.

மாற்கு முதலாம் அதிகாரத்தில், கப்பர்நகூமில் ஒரு மாலை முழுக்க நோயாளிகள் வாசலில் கூடி நிற்கிறார்கள். மறுநாள் இருட்டோடு எழுந்து, ஆள் இல்லாத இடத்துக்குப் போய் அவர் ஜெபிக்கிறார். அங்கேயும் விடவில்லை. சீமோனும் மற்றவர்களும் தேடிக்கொண்டு வந்து, எல்லாரும் உங்களைத் தேடுகிறார்கள் என்கிறார்கள். இன்றைக்கு என்றால் பத்து மிஸ்டு கால் இருந்திருக்கும்!

ஆறாம் அதிகாரத்தில் சாப்பிடக்கூட நேரம் இல்லாத அளவுக்குக் கூட்டம். சற்று இளைப்பாறலாம் என்று சீஷர்களோடு படகேறி வனாந்தரமான இடத்துக்குப் போகிறார். மக்கள் கால்நடையாகவே ஓடி, அவருக்கு முன்னால் அங்கே போய் நிற்கிறார்கள். அவர் கோபப்படவில்லை. மனதுருகிப் போதிக்கிறார், ஐயாயிரம் பேருக்கு அப்பமும் மீனும் கொடுக்கிறார். அதோடு அன்றைய தனிமை போயிற்று என்று விட்டுவிடவும் இல்லை. சீஷர்களைப் படகில் ஏற்றி அனுப்பி, கூட்டத்தையும் அனுப்பிவிட்டு, ஜெபிக்க மலையேறிப் போகிறார்.

காலையில் முடியாவிட்டால் மாலையில். அன்று குழந்தைக்குக் காய்ச்சல் என்றால், மாமியாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டியிருந்தால், அதுவும் அன்பின் வேலைதான். ஜெப நேரம் அன்றைக்குத் தள்ளிப்போகலாம், தொலைந்துபோக வேண்டியதில்லை.

மத்தேயு ஆறாம் அதிகாரத்தில், கதவைச் சாத்திக்கொண்டு அந்தரங்கத்தில் ஜெபிக்கும்படி இயேசு சொல்லும் இடத்தில் 'அறைவீடு' என்று தமிழ் வேதாகமத்தில் இருக்கிறது. அதற்கான கிரேக்கச் சொல்லுக்கு, சாமான்கள் சேர்த்து வைக்கும் உள்ளறை என்ற பொருளும் உண்டு. அரிசி மூட்டையும் எண்ணெய்ச் சாடியும் இருக்கும் இடம். அலங்காரமான ஜெப அறை இல்லையே என்று வருத்தப்படுபவர்களுக்கு இது ஆறுதல்.

பாத்திரச் சத்தத்துக்கு நடுவே

உட்காரவே முடியாதவர்கள் என்ன செய்வது? பாரிஸ் நகரில் கர்மேல் சபை மடம் ஒன்றில் சகோதரர் லாரன்ஸ் என்பவர் இருந்தார். இளமையில் போர்வீரராக இருந்து காயப்பட்டவர். மடத்தில் அவருக்குச் சமையலறை வேலை கொடுத்தார்கள். அவருக்கு இயல்பாகவே பிடிக்காத வேலை அது. பல வருடங்கள் அதையே செய்தார். பாத்திரங்கள் உருளும் சத்தத்துக்கு நடுவிலும் கடவுளோடு பேசிக்கொண்டே இருக்கப் பழகிக்கொண்டார். 1691-ல் அவர் இறந்த பிறகு, அவருடைய கடிதங்களையும் உரையாடல்களையும் தொகுத்துப் புத்தகமாக வெளியிட்டார்கள். இன்றும் கத்தோலிக்கர், புராட்டஸ்டன்ட் என்ற வேறுபாடு இல்லாமல் உலகம் முழுவதும் படிக்கிறார்கள்.

தோசை திருப்பும்போதும், தாம்பரம் ரயிலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதும் மனசுக்குள் இரண்டு வார்த்தை பேச முடியும். ஆனால் லாரன்ஸும் மடத்தின் ஜெப வேளைகளுக்குள் வாழ்ந்தவர்தான் என்பதை மறந்துவிடக் கூடாது. கணவனும் மனைவியும் நாள் முழுக்க வேலைக்கு நடுவே பேசிக்கொண்டாலும், எதிரெதிரே உட்கார்ந்து பேச ஒரு நேரம் வேண்டியிருக்கிறது. அது மாதிரிதான் இதுவும்.

வீட்டில் எப்படித் தொடங்கலாம்?

சின்னதாகத் தொடங்குவது நல்லது. முதல் வாரமே ஒரு மணி நேரம் என்று தீர்மானித்தால் மூன்றாம் நாள் நின்றுவிடும். பத்து நிமிடம் போதும். ஆனால் தினமும் அதே பத்து நிமிடம்.

எல்லாருக்கும் விடியற்காலைதான் சரி என்று சட்டம் இல்லை. நைட் ஷிப்ட் முடித்து வரும் நர்ஸுக்கு விடியற்காலை தூங்க வேண்டிய நேரம். பிள்ளைகளைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்ட பிறகு கிடைக்கும் கால் மணி நேரம் ஒருவருக்கு வாய்க்கும். அலுவலகத்துக்கு இருபது நிமிடம் முன்னதாகப் போய், பக்கத்தில் திறந்திருக்கும் ஆலயத்தின் கடைசி பெஞ்சில் உட்கார்வது இன்னொருவருக்கு வாய்க்கும். ஹாஸ்டலில் இருக்கும் மாணவருக்கு மொட்டை மாடி இருக்கிறது.

இடத்துக்கு ஓர் அடையாளம் உதவும். பால்கனியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஜன்னலோரம் ஒரு பாய், தலையில் போட்டுக்கொள்ளும் முக்காடு, எதுவாகவும் இருக்கலாம். 'இதில் உட்கார்ந்திருந்தால் கூப்பிடக் கூடாது' என்று வீட்டுக்குத் தெரிய வேண்டும்.

போன் விஷயத்தில் கொஞ்சம் கவனம் தேவை. வேதாகமம் போனில் இருப்பது வசதிதான். ஆனால் சங்கீதம் படிக்கத் திறந்தவர், மேலே வந்து விழும் வாட்ஸ்அப் செய்தியைத் தொட்டுவிட்டால், திரும்பி வரும்போது நேரம் முடிந்திருக்கும். அந்தப் பத்து நிமிடத்துக்கு அச்சிட்ட வேதாகமத்தை எடுத்துக்கொண்டு, போனை வேறு அறையில் வைத்துவிடலாம். கண்ணை மூடியதும் கேஸ் புக் பண்ணவில்லை, ஸ்கூல் ஃபீஸ் கட்டவில்லை என்று வரிசையாக ஞாபகம் வரும். பக்கத்தில் ஒரு தாளும் பேனாவும் இருந்தால், எழுதி வைத்துவிட்டு ஜெபத்துக்குத் திரும்பலாம்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, வீட்டாரிடம் வாய் திறந்து கேட்பது. 'காலை ஆறிலிருந்து ஆறேகால் வரை என்னைக் கூப்பிட வேண்டாம். பாப்பா அழுதால் நீங்கள் தூக்குங்கள்' என்று கணவரிடம் ஒருமுறை தெளிவாகச் சொல்லிவிட்டால் போதும். பல வீடுகளில் யாரும் கேட்காததாலேயே யாரும் கொடுக்காமல் இருக்கிறார்கள். அதேபோல, வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் அப்படி ஒரு நேரம் தேவையா என்று விசாரித்து, மாற்றி மாற்றிக் காவல் இருக்கலாம். நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு வரும் அப்பாவுக்கும், பரீட்சை பயத்தில் இருக்கும் பிள்ளைக்கும், டி.வி. சத்தத்தில் ஜெபிக்க முடியாமல் தவிக்கும் பாட்டிக்கும் அது தேவைதான்.

அம்மா கண்ணை மூடி உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டே வளரும் பிள்ளைக்கு, ஜெபத்தைப் பற்றித் தனியாகப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. எப்வொர்த் வீட்டுப் பிள்ளைகளும் அப்படிப் பார்த்துத்தான் வளர்ந்தார்கள்.

நாளைக் காலையும் ஐந்தரை மணிக்குப் பால் பொங்கும், குக்கர் விசில் அடிக்கும். அந்த விசிலை எண்ணி அடுப்பை அணைக்க வீட்டில் இன்னொருவர் எழுந்து வந்தால் போதும். டைனிங் டேபிள் ஓரத்து வேதாகமத்தின் ரிப்பன் அடுத்த பக்கத்துக்கு நகர்ந்துவிடும்.